காட்டுப்பன்றி உண்ணியும் கோவிந்தனின் காய்ச்சலும்

ஓய்வு பெற்றுத் திண்டிவனத்தில் வீட்டோடு இருக்கும் என்னைப் பழைய அலுவலகத்துப் பெண் ஒருத்தி போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள்.

"மேடம், இப்ப எங்களுக்கு ஜீன் பாக்கற மிஷின் வந்துடுச்சு. உண்ணியோட கால் ஒண்ணு குடுத்தா போதும், எந்த வகைன்னு சொல்லிடுது. நீங்கல்லாம் வாய் ஒடைஞ்சு போன உண்ணிய எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

நல்ல கேள்வி. வாய் உடைந்த ஓர் உண்ணிக்காக நானும் என் அதிகாரியும் ஒரு நாள் பட்ட பாட்டை அவளிடம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. பிறந்தது முகையூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு அறுவடை வேலைக்குப் போனவர்கள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் எனக்குப் பூச்சி சேகரிப்பாளர் என்று அரசு வேலை கிடைத்தது. அப்படி ஒரு வேலை இருப்பதே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. முதல் சில வருஷங்கள் கொசு. மாட்டுக் கொட்டகைகளில் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக் கொசு பிடிப்போம். அதில் கை பழகியதும் உண்ணிக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை உண்ணிதான்.

மாட்டின் காதில் தொங்கும் உண்ணியை எல்லாரும் பார்த்திருப்பார்கள். நாங்கள் தேடியது மலைக்காட்டில் இருப்பவை. கடமான், காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, மந்தி இவற்றின் மேல் வாழ்கிறவை. அவற்றைப் பிடிக்க விலங்கைப் பிடிக்க வேண்டியதில்லை. பசித்த உண்ணி புல் நுனியில் ஏறி, முன்னங்கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு காத்திருக்கும். மூச்சுக்காற்று வந்தால், உடம்புச் சூடு பட்டால், தொற்றிக்கொள்ளும். நாங்கள் வெள்ளை ஃபிளானல் துணியின் ஒரு ஓரத்தில் கழியைக் கோத்து, கயிறு கட்டி, சருகின் மேலும் புல்லின் மேலும் மெல்ல இழுத்துக்கொண்டு நடப்போம். கொஞ்ச தூரம் போனதும் துணியைப் புரட்டிப் பார்ப்போம். வெள்ளையில் மிளகுப்பொடி தூவியதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் குழாயில் போட்டு, ஒரு பச்சைப் புல்லையும் உள்ளே வைத்துப் பஞ்சால் அடைப்போம். புல் இல்லாவிட்டால் ஈரம் இல்லாமல் செத்துப்போகும்.

வேகமாக நடந்தால் ஒன்றும் கிடைக்காது. நின்றுவிட்டால் நம் மேல் ஏறிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நடை இருக்கிறது. அது வருவதற்கு எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று.

எங்கள் அதிகாரி நடேசன் சார், பூச்சியியல் படித்தவர். ஆள் உயரம், குரல் மட்டும் சின்னது. ஜீப்பைக் கழுவ வருகிறவரைக்கூட "வாங்க" என்றுதான் கூப்பிடுவார். உண்ணியைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் முதுகு, பிறகு வயிறு, கடைசியில் வாய். பார்த்து முடித்ததும் பெயரைச் சொல்ல மாட்டார். எழுந்து போய் வளாகத்தில் இருக்கும் புங்க மரத்தைச் சுற்றிவிட்டு வருவார். வந்து, அதுவரை பார்த்தே இராத ஒன்றைப் பார்ப்பதுபோல மறுபடி முதுகிலிருந்து தொடங்குவார். இரண்டு தடவையும் ஒரே பெயர் வந்தால்தான் வாயைத் திறப்பார். மேலே இருப்பவர்கள் தொலைபேசியில் அவசரப்படுத்தினால், "பாத்துட்டுச் சொல்றேங்க" என்பார். அவர்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும் அதே குரலில் அதையே இன்னொரு தடவை சொல்வார்.

துணியின் மறுபக்கக் கயிறு எப்போதும் கோவிந்தன் கையில் இருக்கும். மண்டகப்பட்டுக்காரன். என்னைவிட இளையவன். சொந்த நிலம் உண்டு, மல்லாட்டை போடுவார்கள், அதாவது நிலக்கடலை. ஆரம்பத்தில் நான் அவனை வாங்க போங்க என்றுதான் பேசினேன். எங்கள் ஜீப் அந்த வழியாகப் போனால் அவன் வீட்டில் சாப்பாட்டுக்கு நிற்கும். மற்றவர்களுக்கு உள்ளே தட்டு வைத்தார்கள், எனக்கு வெளியே இலை. காரணம் எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். கோவிந்தன் அம்மாவிடம் சண்டை போடவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். "அக்கா, நீ வா போன்னே பேசு. வாங்க போங்கன்னா வேற யாரையோ கூப்புடறாப்ல இருக்குது" என்றான். அடுத்த தடவையும் அப்படியே வந்து உட்கார்ந்தான். அதற்கப்புறம் நான் அந்த வீட்டில் சாப்பிடாமல் ஜீப்பிலேயே இருந்துவிடுவேன். அவனும் ஜீப்புக்கே சாப்பாட்டை எடுத்து வந்துவிடுவான். அப்படியே பல வருஷங்கள் ஓடிவிட்டன.

நான் சொல்ல வந்தது, ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன் நடந்தது. கல்வராயன் மலையில் ஒரு சரிவில் துணி இழுத்துக்கொண்டிருந்தோம். பன்றி கிளறிப்போட்ட மண் எங்கு பார்த்தாலும். இரண்டாம் நாள் மத்தியானம் கோவிந்தன் பிடரியைச் சொறிந்தான்.

"அக்கா, இன்னாமோ உறுத்துது."

"கைய எடு, நான் பாக்கறேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அதைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்துவிட்டான். உண்ணியின் உடம்புதான் வந்தது. வாய் அவன் தோலுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஊசி முனையால் அதை எடுத்து மருந்து போட்டேன். வாய் தூள் தூளாகத்தான் வந்தது. உடம்பை மட்டும், கெடாமல் இருக்க நாங்கள் வைத்திருக்கும் சாராயக் குழாயில் போட்டு வைத்தேன். முழு வளர்ச்சி அடையாத இளம் உண்ணி. எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது, பாதி வயிறு நிரம்பியிருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். கஸ்தூரி எனக்குப் போன் செய்தாள். கோவிந்தனின் மனைவி. "அக்கா, அவருக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குது. தலைய தூக்க முடியல. கண்ணு ரெண்டும் செவசெவன்னு கீது. ஊசி போட்டுக்கினு வந்தும் எறங்கல." விழுப்புரம் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

அதே நாள் காலையில் இன்னொன்றும் வந்தது. நாங்கள் துணி இழுத்த சரிவுக்குக் கீழே ஒரு மந்தி செத்துக் கிடக்கிறது என்று வனத்துறைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். யாரோ அதைப் படம் எடுத்து வாட்சப்பில் போட்டுவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஒன்றுதான் தோன்றும். மலைக்காட்டில் குரங்கு சாவதும், அங்கே போய்வந்த மனிதனுக்குக் காய்ச்சல் வருவதும் குரங்குக் காய்ச்சலின் அடையாளம். அதைப் பரப்புவது ஒருவகை உண்ணி, அதிலும் இளம் உண்ணி. அந்தக் காய்ச்சலுக்கென்று தனி மருந்து கிடையாது. ரத்தப்போக்கு வந்து இறந்துபோனவர்கள் உண்டு. எங்கள் பக்கத்து மலைகளில் அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் வராது என்று யார் சொல்ல முடியும்? நானும் அதே சரிவில் நடந்தவள்தான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் உடம்பு முழுக்கப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அப்புறம்தான் அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன்.

நான் போனில் சொல்லியிருந்ததால் நடேசன் சார் மேசையைத் துடைத்து, விளக்கைச் சரிசெய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். குழாயைக் கொடுத்தேன். கடிகாரக் கண்ணாடி போன்ற சின்னக் கிண்ணத்தில் சாராயத்தை ஊற்றி, உண்ணியை அதில் இறக்கி, நுண்ணோக்கிக்கு அடியில் தள்ளினார்.

"வாய் எங்கங்க?"

"கோவிந்தன் புடுங்கிட்டாரு சார். தோலுக்குள்ள நின்னுடுச்சு. எடுத்தப்ப தூளாயிடுச்சு."

உண்ணியை இனம் பிரிப்பதில் வாய்தான் பாதி வேலையைச் செய்யும். அது இல்லை என்றால் என்ன ஆகும் என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. "சரி. இருக்கறத வெச்சுப் பாப்போம்" என்றார்.

அவர் தேடியது கண்ணை. குரங்குக் காய்ச்சலைப் பரப்பும் உண்ணி எந்த இனத்தைச் சேர்ந்ததோ அந்த இனத்துக்கே கண் கிடையாது. காட்டுப்பன்றி உண்ணிக்கு உண்டு. கண் என்றால் நம் கண்போல இல்லை. முதுகில் இருக்கும் கெட்டித் தகட்டின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக, பளபளப்பான ஒரு சின்னப் புள்ளி. இளம் உண்ணியில் அது இன்னும் சின்னது. இதிலோ காய்ந்த ரத்தம் தகட்டின் ஓரத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

ஒற்றை மயிர் போன்ற தூரிகையை எடுத்தார். தொட்டும் தொடாமலும் வருடினார். ரத்தம் நூலாகக் கரைந்து சாராயத்தில் மிதந்தது. கிண்ணத்தை மாற்றினார். மறுபடி வருடினார். வெளியே தொலைபேசி அடித்தது. எடுத்த ஊழியர் வந்து, மேலிடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள், குரங்குக் காய்ச்சலா இல்லையா என்று கேட்கிறார்கள் என்றார். "பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லுங்க" என்றார் சார், கண்ணை எடுக்காமலே.

விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"மேரி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க பாருங்க."

உட்கார்ந்தேன். தகட்டின் ஓரம் ஒரு வயல் வரப்பு மாதிரி தெரிந்தது. அதில் ஓரிடத்தில் ஏதோ மினுக்கியது. எனக்குக் கண் தெரிய வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. அந்த ஆசையே பயமாகவும் இருந்தது. இல்லாததை இருப்பதாகப் பார்த்துவிட்டால்? சாராயத்துளிகூட அப்படி மினுக்கும். இடுக்கியால் உண்ணியைத் திருப்பி மறுபக்க ஓரத்தைப் பார்த்தேன். சரியாக அதே உயரத்தில் அதே மாதிரி இன்னொரு புள்ளி. மறுபடி முதல் பக்கம். இருந்தது.

"ரெண்டு பக்கமும் கண்ணு இருக்குது சார்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே நடந்தார். நானும் பின்னால் போனேன். இரண்டு பேருமாகப் புங்க மரத்தைச் சுற்றினோம். சார் திரும்பி வந்து உட்கார்ந்து, முதுகிலிருந்து மறுபடி தொடங்கினார். வயிற்றுப் பக்கம் முதல் காலின் அடியில், காட்டுப்பன்றி உண்ணிக்கு இருக்க வேண்டிய இரட்டை முள் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

"காட்டுப்பன்றி உண்ணி" என்றார்.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "இந்த உண்ணி அது இல்ல. அவ்ளோதான் நம்மால சொல்ல முடியும். வேற எதுவும் அவரக் கடிக்கலன்னு நம்மால சொல்ல முடியாது. ரத்தம் வெளியூர் ஆய்வகத்துக்குப் போயிருக்கு. வரட்டும்." தொலைபேசியிலும் இதையே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், சொன்னார்.

கோவிந்தனை மருத்துவமனையில் தனி அறையில் வைத்திருந்தார்கள். கூட யாரையும் விடவில்லை. கஸ்தூரி பிள்ளைகளைப் பார்க்க வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். அன்று சாயங்காலம் நான் மண்டகப்பட்டுக்குப் போனேன்.

தெருவே அந்த வீட்டைவிட்டு ஒதுங்கியிருந்தது. பால் எடுக்கிறவர் வரவில்லை. கறந்த பால் குண்டானில் அப்படியே இருந்தது. குடைவரைக் கோயில் பக்கம் திரியும் குரங்குகளைப் பையன்கள் கல்லெறிந்து விரட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் வாசலைவிட்டு இறங்காமல் என்னிடம் பேசினார்.

"உள்ள போவாதம்மா. டிவில சொன்ன குரங்கம்மை அது. தொட்டா ஒட்டிக்குமாம். கொழந்த குட்டிங்க இருக்கற தெரு, ஒரே பேஜாரா கீது."

"குரங்கம்மை வேற, இது வேறங்க. இன்னா காய்ச்சல்னே இன்னும் தெரியல. பயந்துக்கினு இருக்கீங்களே அந்தக் குரங்குக் காய்ச்சலே இருந்தாலும் உண்ணி கடிச்சாத்தான் வரும். ஆளுக்கு ஆள் ஒட்டாது."

"நீ சொல்ற. நாளைக்கு எங்களுக்கு வந்தா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பயம் வந்தால் விளக்கம் காதில் ஏறாது. நான் வீட்டுக்குள் போனேன். கஸ்தூரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார், கோவிந்தனின் அம்மா, அடுப்படியில் இருந்தார்.

"கஸ்தூரி, பசிக்குது. எதுனா இருக்குதா?"

அவள் எழுவதற்குள் மாமியார் எழுந்தார். அலமாரியிலிருந்து தட்டை எடுத்துக் கழுவி, களியும் கீரையும் போட்டுக்கொண்டு வந்தார். வெளியே போகவா உள்ளே இருக்கவா என்று நான் ஒரு கணம் தயங்கினேன். "இங்கயே ஒக்காரும்மா" என்றார். கதவு திறந்தே இருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் நான் சாப்பிடுவது தெரியும். நிதானமாகச் சாப்பிட்டேன். பக்கத்தில் படுத்திருந்த சின்னப் பெண்ணைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அந்த அம்மா என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். "எம்புள்ள பொழைச்சிப்பானா?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. "பாத்துக்கினு இருக்காங்கம்மா" என்றேன். நான் கை கழுவி வெளியே வந்தபோது எதிர்வீட்டுக்காரர் வாசலைவிட்டு இறங்கி, பாதித் தெருவரை வந்து நின்றுகொண்டிருந்தார். பால் குண்டானைக் காட்டி, "குடு, நானே பால் சொசைட்டிக்குக் கொண்டு போய் ஊத்திட்டு வர்றேன்" என்றார்.

மறுநாள் காலை நானும் கஸ்தூரியும் மருத்துவமனைக்குப் போனபோது காய்ச்சல் மருத்துவம் பார்க்கும் டாக்டரம்மா வந்திருந்தார். முகக்கவசத்தைக் கீழே இறக்கிக்கொண்டு எங்களிடம் பேசினார்.

"எனக்கு இது வேறயா இருக்கும்னு தோணுது. ஒடம்புல எங்கயாவது கருப்பா, சிகரெட்டால சுட்ட மாதிரி பொருக்கு இருக்கான்னு பாக்கணும். கை கால் முதுகு எல்லாம் பாத்துட்டேன். இடுப்புக்குக் கீழ பாக்க விட மாட்டேங்கறாரு. ஒண்ணும் இல்லைங்கறாரு. நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

முகக்கவசமும் கையுறையும் கொடுத்து எங்களை உள்ளே விட்டார்கள். கோவிந்தன் பாதியாகிப் போயிருந்தான். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அக்கா, உண்ணி இன்னான்னு சொன்னாரு சாரு?" என்று கேட்டான். அந்த நிலையிலும் அதுதான் கேள்வி.

"பன்னி உண்ணி. நாம பயந்த உண்ணி இல்ல. இப்ப டாக்டரம்மா பாக்கணுங்கறாங்க, காட்டு."

"அங்க ஒண்ணும் இல்லக்கா."

"நீ பாத்தியா?"

"பாக்கல. எனக்குத் தெரியாதா?"

"கோவிந்தா, நம்ம ரெண்டு பேரும் இத்தினி வருஷமா கண்ணுக்குத் தெரியாததத்தான் தேடிக்கினு இருக்கோம். பாக்காம இல்லன்னு சார் முன்னாடி ஒரு நாளாவது சொல்லியிருக்கியா?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் வெளியே வந்துவிட்டேன். உள்ளே கஸ்தூரியின் குரல் கேட்டது, கெஞ்சல் கொஞ்சம், அதட்டல் கொஞ்சம். பிறகு டாக்டரம்மா போனார். சிறிது நேரத்தில் அவரே கதவைத் திறந்து, "வந்து பாருங்க, இப்ப ஒத்துக்கிட்டார்" என்றார்.

அரைஞாண் கயிற்றுக்கு அடியில், கயிறு சரியாக மூடியிருந்த இடத்தில், கன்னங்கரேலென்று ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவப்பு வளையம். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அவனுக்கே தெரிந்திருக்கவில்லை.

"இது உண்ணி கடிச்சது இல்ல, அதவிடச் சின்னது கடிச்சது. புதர்ல இருக்கற ஒரு பூச்சியோட குஞ்சு. அதால வர்ற காய்ச்சல் நம்ம ஊர்ப் பக்கமே அதிகம், இதுக்கு நல்ல மாத்திரை இருக்கு" என்றார் டாக்டரம்மா. "கடிச்சு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுத்தான் காய்ச்சல் காட்டும். மலைக்குப் போறதுக்கு முன்னாடியே கடிச்சிருக்கும். வீட்டுப் பக்கம் புதர் இருக்கா?"

கஸ்தூரி யோசித்தாள். "கேணி பக்கம் இருக்குதுங்க. அங்க குந்திக்கினுதான் மோட்டார பாத்துக்கினு இருப்பாரு."

டாக்டரம்மா அப்போதே மாத்திரையை மாற்றி எழுதினார். சோதனைக்கும் தனியாக ரத்தம் எடுத்தார். வராந்தாவுக்கு வந்து சாருக்குப் போன் செய்தேன். "பாவம், அந்தப் பன்னி உண்ணி மேல பழி போட இருந்தோம்" என்றார். உடனே, "காய்ச்சல் எறங்கட்டும், பாத்துட்டுப் பேசலாம்" என்றும் சொன்னார்.

இறங்கியது. இரண்டாம் நாள் காலையில் கோவிந்தன் தானாக எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். அந்த மந்தியைப் பரிசோதித்த கால்நடை மருத்துவர் அதன் உள்ளங்கைகள் கரிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மின்கம்பியைப் பிடித்திருக்கிறது என்றார். கோவிந்தன் வீட்டுக்குப் போன சில நாட்களில் ஆய்வகத்திலிருந்தும் பதில் வந்தது. குரங்குக் காய்ச்சல் இல்லை.

சார் அந்தச் செய்தியைப் போனில் சொல்ல வேண்டாம் என்றார். "நேர்ல போய்ச் சொல்லுங்க மேரி. ஜீப்ப எடுத்துக்குங்க." போனேன். வீட்டில் இல்லை, கேணியில் இருக்கிறான் என்றார்கள். வரப்பில் நடந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிச் சுவரில், வெயிலில், துண்டைப் போர்த்திக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். கஸ்தூரி பக்கத்தில் நின்று மல்லாட்டைக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தாள்.

"பதில் வந்துடுச்சு. குரங்குக் காய்ச்சல் இல்லவே இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

கஸ்தூரி மண்வெட்டியைப் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கோவிந்தன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப திங்கக்கெழம ஜீப்பு எத்தினி மணிக்குக்கா?" என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. அத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தேன்.

"திங்கக்கெழம இருக்கட்டும். புதர் வெட்டற கத்தி இருந்தா குடு" என்றேன். கேணியைச் சுற்றியிருந்த புதரை அன்றைக்கே நானும் கஸ்தூரியுமாக வெட்டத் தொடங்கினோம். கோவிந்தனைத் தொடவிடவில்லை. தொட்டிச் சுவரில் உட்கார்ந்தபடியே எந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுக்காரர் வரப்போரமாக வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கினார்.